பன்னிரண்டு வெள்ளணுக்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பின்னறையில் இருந்தவர்கள்: டாக்டர் உஷாராணி, இரண்டு கையிலும் ரப்பர் உறையோடு. ரத்தப் பரிசோதனை பார்க்கும் ஜோதிலிங்கம், சுவரில் சாய்ந்தபடி. குட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்த ராமமூர்த்தி, மத்திய அரசு குமாஸ்தா, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துபோய். துப்புரவு வேலை பார்க்கும் செங்கம்மாள், கையில் வாளியோடு. மேசைமேல் நாய்க்குட்டிகள் மூன்று. அவற்றில் இரண்டு செத்திருந்தன.

மூன்றாவது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. வாலுக்குக் கீழே ரத்தமும் சளியும் ஒட்டிக் காய்ந்திருந்தன. அறை முழுக்க ஒரு வாடை. இரும்பும் அழுகலும் கலந்த வாடை. அந்த வாடையைப் போன மாதமே செங்கம்மாள் மோந்திருந்தாள். ஒரு அல்சேஷன் குட்டி இதே அறையில் இப்படித்தான் கழிந்து கழிந்து செத்தது.

இந்த மூன்றையும் ராமமூர்த்தி சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் கண்டெடுத்தார். தாய்நாய் ரிங் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது. ஒன்றை அவர் வளர்ப்பதாகவும் மற்ற இரண்டையும் ஆபீசில் இருவர் எடுத்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. ஊசியெல்லாம் போட்டு முடியாமல் நாய் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டதால் பதினோரு நாளாக ஜங்புராவில் உள்ள இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பின்னறையில் வைத்திருந்தார். ஆபீஸ் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்.

"பார்வோ வைரஸ்தான்," என்றாள் டாக்டர். "சந்தேகமே இல்ல. ஆனா எங்கிருந்து வந்தது? இதுங்க இந்த ரூமை விட்டு வெளியவே போகலையே."

"போன மாசம் அந்த அல்சேஷன் இங்கதானே கெடந்துச்சு," என்றான் ஜோதிலிங்கம்.

"அதுக்கப்புறம் ரூமைக் கழுவியாச்சே. செங்கம்மா, நல்லா கழுவினே இல்ல?"

செங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக டெல்லியில் தரை துடைக்கிறாள். ஜங்புராவில், லாஜ்பத் நகரில், எத்தனையோ பங்களாக்களில். எந்த வீட்டு மேம்சாபும் அவள் துடைத்த தரையில் விரலை வைத்துப் பார்த்துக் குறை சொன்னதில்லை.

"மூணு வாட்டி கழுவனேன் டாக்டரம்மா. கூண்டு, செவுரு, மூல முடுக்கெல்லாம். ரெண்டு பாட்டில் ஃபினாயில் ஊத்தனேன். வாசன மூக்கத் தொளச்சிதே, நீங்களே சொன்னீங்களே."

டாக்டர் மெதுவாகக் குனிந்து, தொட்டிக்குக் கீழே இருந்த டப்பாவை வெளியே இழுத்தாள். ப்ளீச்சிங் பவுடர். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் கிழியாமல் இருந்தது.

"இதைக் கரைச்சு ஊத்தச் சொன்னேனே."

"அது சாக்கடை மோரி நாத்தம் நாறும் டாக்டரம்மா. முன்னால நாய்ங்கள இட்டுக்கினு வர்ற மேம்சாபுங்க மூக்கப் பொத்திக்கினு போவாங்க. ஃபினாயில்னா சுத்தம்னு தெரியும். அதான் ஒண்ணுக்கு ரெண்டா ஊத்தனேன்."

"ஹே பகவான்," என்று சொல்லி டாக்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ராமமூர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன சார் ஆச்சு? ஃபினாயில் போட்டா கிருமி சாகாதா?"

ஜோதிலிங்கத்துக்கு மழுப்பிப் பேச வராது. திண்டுக்கல் பக்கத்தவன். பி.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே கண்ணை வைத்திருக்கிறவன்.

"எல்லாக் கிருமியும் ஒண்ணு இல்ல சார். சில வைரஸ் மேல கொழுப்பால ஒரு சட்டை போட்டிருக்கும். சோப்போ ஃபினாயிலோ பட்டா சட்டை கரைஞ்சு செத்துரும். இந்தப் பயலுக்குச் சட்டையே கெடையாது. புரதத்துல கெட்டியா ஒரு ஓடு மட்டுந்தான். ஃபினாயில்ல குளிச்சிட்டு மாசக்கணக்கா தரையில உக்காந்திருப்பான். அந்தப் பவுடர்ல இருக்குற குளோரின் பட்டாத்தான் ஓடு நொறுங்கும்."

ராமமூர்த்தி செங்கம்மாளைப் பார்த்தார். "அப்போ இவங்க..."

"இருங்க சார்," என்றாள் டாக்டர். "அது மட்டும் இல்ல. நான் பத்து நாள் முன்னாடி இதுங்களுக்கு வேக்சின் போட்டேன். அது ஏன் பிடிக்கலை? பொறந்த அன்னிக்குக் குடிச்ச தாய்ப்பால்ல அம்மாவோட ஆன்டிபாடி, அதான் நோயை எதிர்க்கற சத்து, வந்திருக்கும். வேக்சின்லயும் வைரஸ்தானே இருக்கு, பலவீனமான வைரஸ். அந்த வைரஸை அம்மா கொடுத்த ஆன்டிபாடி சாப்பிட்டுடுத்து. குட்டியோட உடம்பு எதையும் கத்துக்கல. நிஜ வைரஸ் வந்தப்போ அம்மா கொடுத்ததும் தீர்ந்துபோச்சு. நடுவில ஒரு கேப். அதுல மாட்டிண்டிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் போடறதா இருந்தேன்."

"பாதி தாய்ப்பால், பாதி ஃபினாயில்," என்றான் ஜோதிலிங்கம்.

செங்கம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். அவளுக்கு நாய்களைப் பிடிக்காது. சின்ன வயதில் கெண்டைக்காலில் வாங்கிய கடியின் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் மேசையில் கிடந்த அந்த இரண்டையும் அவளால் பார்க்க முடியவில்லை. பாதி என்று அவன் சொன்னது ஆறுதலாக இல்லை. கூண்டின் ஒவ்வொரு கம்பியையும் தேய்த்துத் தேய்த்துத் துடைத்த கை அவளுடையது.

"இது பொழைக்குமா?" என்று மூன்றாவதைக் காட்டிக் கேட்டாள்.

அதற்குப் பதில் ஜோதிலிங்கத்தின் மேசையில் இருந்தது. குட்டியின் முன்னங்காலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மருந்தில் கலந்து, கோடு போட்ட கண்ணாடித் துண்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தான். நான்கு மூலைக் கட்டங்களில் எத்தனை வெள்ளணு தெரிகிறதோ அதை ஐம்பதால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். எண்ணுவதற்குக் கையில் ஒரு சின்ன இரும்பு யந்திரம் வைத்திருப்பான். ஒரு அணுவுக்கு ஒரு அழுத்து, ஒரு டக். நல்ல நாய் என்றால் அது பாட்டுக்கு டக்டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் பெருக்கும்போது அந்தச் சத்தம் செங்கம்மாள் காதில் விழும், என்னவென்று கேட்டுக்கொண்டதில்லை.

இன்றைக்கு நின்று கேட்டாள். டக். நெடுநேரம் ஒன்றுமில்லை. டக். டக். பதினெட்டோடு நின்றுவிட்டது.

"தொள்ளாயிரம். பத்தாயிரம் இருக்க வேண்டிய எடத்துல," என்றான். "இந்த வைரஸுக்கு வேகமாப் பெருகுற செல்லுதான் வேணும். குடல் தோல்ல இருக்கு, எலும்பு மஜ்ஜையில இருக்கு. சண்டை போடுற வெள்ளணு பொறக்குறதே மஜ்ஜையிலதான். பட்டாளத்தை அது பொறக்குற எடத்துலயே வச்சு அடிக்குது."

"மருந்து?"

"வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது," என்றாள் டாக்டர். "சலைன் ஏத்தலாம், வேற கிருமி ரத்தத்துல ஏறாம ஊசி போடலாம். வைரஸை அதோட உடம்புதான் ஜெயிக்கணும். சொந்தமா ஆன்டிபாடி செய்ய இன்னும் நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் தாங்கணும். நாங்க காலேஜ்ல படிக்கறச்சே எங்க ப்ரொஃபசர் ஒண்ணு பண்ணுவார். பார்வோ வந்து பிழைச்ச நாயோட ரத்தத்துலேர்ந்து சீரம் எடுத்துப் போடுவார். சிலது பிழைக்கும், சிலது பிழைக்காது. இப்போ அப்படி ஒரு நாய்க்கு எங்க போறது?"

செங்கம்மாள் நிமிர்ந்தாள். "ரத்தமாக் கழிஞ்சு, சோறு தண்ணி எறங்காம கெடந்து, அப்புறம் எழுந்த நாயி. அதானே வேணும்?"

"ஆமா."

"எங்க கேம்ப்புல ஒண்ணு கீது. போன மழையில அப்படித்தான் கெடந்திச்சி. அதுகூடக் கெடந்த நாலு குட்டி செத்துப்போச்சி. அது மட்டும் எழுந்து நடந்திச்சி."

உடனே கிளம்பினாள். ஜோதிலிங்கம் விடவில்லை. செருப்பை அங்கேயே கழற்றச் சொல்லி, ப்ளீச்சிங் தண்ணீரில் முழங்கால்வரை கழுவச் செய்து, டாக்டரின் பழைய கோட்டைப் புடவைமேல் மாட்டி அனுப்பினான். அங்கேயும் குட்டிகள் இருக்குமே.

*

ஷேரு என்ற அந்த நாய்க்குச் சொந்தக்காரர் யாருமில்லை. சோறு போடுகிறவள் வேலம்மாள். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் சாக்கடைக் கரையை ஒட்டிய நாலாவது வீடு. அவளும் செங்கம்மாளும் பேசி ஆறு மாதம் ஆகிறது. குழாயடியில் குடத்தைத் தள்ளிவிட்டது யார் என்பது தகராறு. இரண்டு பேரும் இன்றுவரை தான் இல்லை என்கிறார்கள்.

கோட்டும் வெறுங்காலுமாக வந்து நின்றவளை வேலம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு, டாக்டரு வூட்டுப் பொண்ணா? ஆறு மாசமா நாக்கு செத்துக் கெடந்ததே, வைத்தியம் ஆயிடிச்சா?"

"யக்கா, ஷேரு வேணும்."

"எதுக்கு? கொடத்தத் தள்ளனது அதுதான்னு பஞ்சாயத்து வைக்கப் போறியா?"

"கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்."

வேலம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க ரத்தத்தக் குடிச்சது பத்தலியா?"

வேறு நாளாக இருந்தால் செங்கம்மாள் சரிக்குச் சரி கொடுத்திருப்பாள். இன்று சுருக்கமாகச் சொன்னாள். "நான் தப்பாக் கழுவி ரெண்டு குட்டி செத்துப்போச்சிக்கா. மூணாவது கெடக்குது. ஷேருக்கு வந்த அதே நோவு. அது ரத்தத்துல அந்த நோவ அடிக்கிற சத்து இருக்குதாம். அத எடுத்து இதுக்குப் போடணும்."

வேலம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். சட்டியைத் திறந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த மீன் தலையை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டாள்.

"நானும் வரேன். நான் புடிச்சாத்தான் நிக்கும். உன்னக் கண்டா கடிக்கும். நான்தான் சொல்லிக் குடுத்து வச்சிக்கிறேன்."

அது நிஜம்தான் போலிருந்தது. வழியெல்லாம் ஷேரு செங்கம்மாளைப் பார்த்து உறுமிக்கொண்டேதான் மீன் தலைக்குப் பின்னால் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு சொட்டு எடுத்து உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று ஜோதிலிங்கம் பார்த்தான். இல்லை. கழுத்தில் முடியை மழித்து டாக்டர் ஊசியை ஏற்றினாள். வேலம்மாள் அதன் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா, அங்க பாரு அந்தப் பொம்பளய, அவளக் கடிக்கலாம் அப்புறம்," என்று சமாதானம் சொன்னாள். ஒரு டம்ளர் அளவு ரத்தம். மீன் தலையைத் தின்றுவிட்டு ஷேரு எதுவும் நடக்காதது போலப் போய்விட்டது.

ரத்தம் உறைந்து சுருங்கக் காத்திருந்தார்கள். பிறகு யந்திரத்தில் வைத்துச் சுழற்றியதும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக ஒரு நீர் நின்றது. செங்கம்மாள் ஏமாந்துபோனாள். "இவ்ளோதானா?"

"இதுல ஒரு சொட்டுல கோடி கணக்குல இருக்கு," என்றான் ஜோதிலிங்கம் ஊசியில் இழுத்தபடி. "ப்ளூலைன் பஸ்ல எப்படித் தொத்துவே?"

"கம்பியப் புடிச்சிக்கினு."

"செல்லுலயும் ஒரு கம்பி இருக்கு. ரத்தத்துல வர்ற இரும்புச்சத்தை உள்ள இழுக்குறதுக்குன்னு வச்சிருக்கு. வேகமாப் பெருகுற செல்லுக்கு இரும்பு நெறையா வேணும், அதனால கம்பியும் நெறையா. இந்த வைரஸ் அதைப் புடிச்சுத்தான் உள்ள ஏறுது. டாக்டரம்மா வாங்குற பத்திரிகையில போட்டிருந்துச்சு. இப்ப உன் ரெண்டு கையிலயும் மூட்டையக் கட்டிவிட்டா?"

"ஏற முடியாது."

"அந்த மூட்டைதான் ஆன்டிபாடி. வைரஸோட புடிக்கிற எடத்துலயே போய் ஒட்டிக்கிரும். வேற வைரஸ் மேல ஒட்டாது. இதுக்குன்னே ஷேரு உடம்பு செஞ்சு வச்சது."

"ஏற்கெனவே உள்ள ஏறினது?"

"அதை இது தொடாது. அந்த செல்லையே கொன்னாத்தான் உண்டு. அதுக்குக் குட்டியோட சொந்த வெள்ளணுதான் வரணும். நம்மளால வெளியில நிக்கிறவனைத்தான் தடுக்க முடியும்."

மூன்றாவது குட்டிக்கு ஊசி இறங்கியபோது அது கத்தக்கூட இல்லை.

*

அந்த வாரம் செங்கம்மாளுக்குப் பின்னறை மட்டும்தான். முன்பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். முன்பக்கத்தை டாக்டரே பெருக்கினாள். குப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளுகிற பெருக்கல். செங்கம்மாள் காதால் கேட்டே கண்டுபிடித்துப் பல்லைக் கடித்தாள்.

குட்டி கழியக் கழிய அள்ளினாள். ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசினாள். கண் எரிந்தது. இரண்டாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிய ஆரம்பித்தது. டாக்டர் கையுறையை நீட்டியபோது, "இத்த ஏன் மொதல்லயே குடுக்கல?" என்று வாங்கி மாட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை பன்னிரண்டு டக். அறுநூறு.

"கொறஞ்சிடிச்சி," என்றாள்.

"கொறையும்," என்றான் ஜோதிலிங்கம். கண்ணாடித் துண்டைக் கழுவப் போய்விட்டான். அவன் பொய் சொல்லாதவன் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ராமமூர்த்தி வந்தார். கம்பிக்கு வெளியே நின்று குட்டியைப் பார்த்தார். செங்கம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்த இரண்டும் எழுந்துவிடுமா? "இன்னிக்கி அறுநூறு சார்," என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். எட்டு. ஒன்பது. நீண்ட இடைவெளி. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அவ்வளவுதான்.

"அதே பன்னெண்டு," என்றாள்.

"அதே பன்னெண்டுதான். ஆனா கேளு. நேத்து பன்னெண்டும் கெழடுக. சாகப் போறதுக. இன்னிக்கு அதுல மூணு குஞ்சு. நியூக்ளியஸ் குதிரை லாடம் மாதிரி வளைஞ்சிருக்கு. இப்பத்தான் மஜ்ஜையிலேர்ந்து எறங்குனது."

"அப்படின்னா?"

"அப்படின்னா தொழிற்சாலை மூடல. மூணு பேரு வேலைக்கு வந்திருக்கான்."

அவள் எட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். அவன் முக்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தான். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்தாள். வெள்ளை வெளிச்சத்தில் ஊதாவாக ஒரு பொட்டு, உள்ளே வளைந்த கோடு. தொட்டால் அழிந்துவிடும் போல இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். போதும் எழுந்திரு, எனக்கு வேலை இருக்கிறது என்று ஜோதிலிங்கம் சொல்லும்வரை.

அன்று ராமமூர்த்தி ஒரு டப்பா தயிர்சாதம் கொண்டுவந்தார். மனைவி கொடுத்தனுப்பியதாம். குட்டிக்கு இப்போது எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது என்றாள் செங்கம்மாள். அவர் டப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நீங்க சாப்பிடுங்கோ," என்றார். "காலையிலேர்ந்து இங்கயேதான் இருக்கேள்னு டாக்டர் சொன்னா."

"கையெல்லாம் ப்ளீச்சிங்."

"அலம்பிண்டு சாப்பிடுங்கோ. ஸ்பூன் வச்சிருக்கா."

வெள்ளிக்கிழமை பதினெட்டைத் தாண்டியபோது அவள் துடைப்பதை நிறுத்தினாள். முப்பதைத் தாண்டியபோது சுவரில் கை வைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்று. சனிக்கிழமை அந்த யந்திரம் ஓட ஆரம்பித்தது. டக்டக்டக்கென்று, அவளுக்கு எண்ணிக்கை தவறிப்போகும்வரை. அப்போது குட்டி தள்ளாடி எழுந்து, அவள் காலருகே இருந்த ப்ளீச்சிங் வாளியில் வாயை வைக்கப் போனது.

"ஏய்! சனியனே!" என்று கத்தி வாளியைப் பிடுங்கினாள். அந்தச் சத்தத்தில் டாக்டர் முன்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். குட்டிக்குத் தாகம் எடுக்கிறது என்று தெரிந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிண்ணம் தேடினார்கள். கொடுத்த தண்ணீரைக் குட்டி குடித்தது. அரைமணி நேரம் ஆகியும் வாந்தி எடுக்கவில்லை.

*

மூன்று வாரம் கழித்து ராமமூர்த்தி கழுத்துப்பட்டையோடு வந்தார். ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தார். பாலிஷ் போட்ட ஷூ. குட்டி எடை கூடி, விலா எலும்பு மறைந்து, அவர் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பு இப்போது தானே செய்த ஆன்டிபாடியோடு இருக்கிறது, இந்த வியாதி இனி இதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு முன்பக்கம் நடந்தார். வேண்டுமென்றேதான். நான்கு பேர் பார்க்கட்டுமே என்று.

செங்கம்மாள் குறுக்கே நின்றாள்.

"முன்னால வேணாம் சார். ஊசி போட ரெண்டு குட்டிங்க வந்து கீதுங்க."

"இதுக்குத்தான் நன்னா ஆயிடுத்தே!"

"இதுக்கு ஆயிடிச்சி. இதும் முடியில அந்தக் கிருமி ஒட்டிக்கினு இருந்தா? அதுங்க வயித்துக்குள்ள அம்மா குடுத்தது எவ்ளோ தீர்ந்துபோயி எவ்ளோ மிச்சம் கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா? சந்துப் பக்கமாப் போங்க."

"ஸ்கூட்டர் முன்னால நிக்கறதேம்மா."

"சுத்திக்கினு போங்க. கால அந்தத் தட்டுல வைங்க."

சந்துப் பக்கக் கதவருகே ஒரு தகரத்தட்டில் ப்ளீச்சிங் தண்ணீர் இருந்தது. ராமமூர்த்தி ஷூவைப் பார்த்தார்.

"தோல் கெட்டுப்போயிடுமே."

"போவட்டும். ரெண்டு காலும்."

அவர் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்து, வலது காலை வைத்தார். இடது காலை வைத்தார். "இன்னும் கொஞ்சம் நில்லுங்க," என்றாள். நின்றார். குட்டி அவர் டையைக் கடித்து இழுத்தது. பிறகு அவள் போகலாம் என்று கையைக் காட்டினாள்.

அவர் சந்தில் இறங்கினார். செங்கம்மாள் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டையும் மாட்டிப் பூட்டினாள்.